மூச்சு விடும் பையும் மூச்சு முட்டும் கூடாரமும்

போன இதழில் மழைக்காலத்து நாற்றுகளைப் பற்றி எழுதினேன் அல்லவா? அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப இரண்டு கேள்விகள். “துணியில் தைத்த செடித்தொட்டி என்று விற்கிறார்களே, அதில் தண்ணீர் நிற்குமா?” என்பது ஒன்று. “மாடி இல்லாத ஃபிளாட்டில் இருக்கிறோம். ஜிப் வைத்த கூடாரத்துக்குள் விளக்குப் போட்டுச் செடி வளர்க்கலாம் என்கிறார்களே, நம்பி வாங்கலாமா?” என்பது மற்றது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இரண்டுமே காற்று சம்பந்தப்பட்ட சமாசாரம்தான்.

துணி என்றதும் வேட்டித் துணி, புடவைத் துணி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டு நெய்கிற ஊருக்குப் பக்கத்தில், ஏனாத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதைத் துணி என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது! பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. பிளாஸ்டிக் இழைகளை ஊசியால் குத்திக் குத்தி ஒன்றோடொன்று பின்னவைத்துக் கம்பளி மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். தண்ணீர் கசியும், காற்று நுழையும், மண் மட்டும் வெளியே வராது.

அதில் என்ன லாபம் என்கிறீர்களா? பிளாஸ்டிக் தொட்டியில் வைத்த பழைய தக்காளிச் செடியை வேரோடு கவிழ்த்துப் பாருங்கள். வேர் எல்லாம் ஓரத்துக்கு ஓடி, சுவரில் முட்டி, வழி கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். தார்க்குச்சியில் நூல் சுற்றின மாதிரி. நடுவில் இருக்கிற மண்ணில் வேரே இருக்காது. துணித் தொட்டியில் வேர் ஓரத்துக்கு வந்ததும் காற்றுப் படுகிறது. நுனி காய்ந்து நின்றுவிடுகிறது. நுனி நின்றால் செடி சும்மா இருக்குமா? பின்னாலிருந்து பக்கவேர்களை விடுகிறது. துளசியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கிறதே, அதே கதைதான் மண்ணுக்குள்ளும். கிள்ளுகிற வேலையைக் காற்று செய்கிறது. தொட்டி நிறைய, சன்னச் சன்னமாக, பிரஷ் மாதிரி வேர் நிறைந்துவிடும்.

காற்றால் வேரைக் கிள்ளும் இந்த முறையைப் பற்றி அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்த கார்ல் விட்கம்ப் நிறைய ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மரக்கன்றுகளுக்காகத்தான் முதலில் இதெல்லாம். பிடுங்கி நடும்போது சுருண்ட வேரோடு நட்டால் பத்து வருஷம் கழித்துக்கூட மரம் சாய்ந்துவிடும் அல்லவா? மரத்துக்கு வந்த பைதான் இப்போது நம் கத்தரிக்கும் கொத்தமல்லிக்கும் வந்திருக்கிறது.

நம் மண்தொட்டியும் மூச்சு விடுகிற ஜாதிதான். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? சுவர் வழியாகக் கசிந்து ஆவியாவதால். மண்தொட்டியில் வேர் குளுமையாக இருப்பதும் அதனால்தான். வீட்டில் நல்ல மண்தொட்டிகள் இருக்கிற சகோதரிகள் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துணிப்பை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கனமும் உடைகிற தொல்லையும்தான் மண்தொட்டியின் குறை. கோணிப்பையும் மூச்சு விடும். ஆனால் நம் மழைக்கு ஒன்றிரண்டு பருவத்தில் அடி இற்றுப்போகும். பழைய வேட்டியில் தைத்தால் அதுகூடத் தாங்காது.

2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பைகள் கொடுக்க ஆரம்பித்ததே, நினைவிருக்கிறதா? பாலித்தீன் பை, தென்னை நார்க் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்தது. அந்தப் பாலித்தீன் பைகளில் கீழே துளை உண்டு, பக்கம் மூச்சு விடாது. அவை மோசம் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ வீடுகளில் முதல் கத்தரிக்காய் அவற்றில்தான் காய்த்தது. தண்ணீர் சீக்கிரம் காயாது என்பது அவற்றில் ஒரு சௌகரியம்.

துணித் தொட்டியின் தொல்லை அங்கேதான். சீக்கிரம் காயும். வைகாசி கருட சேவைக்குக் காஞ்சிபுரத்தில் கூட்டம் அலைமோதுகிற நாட்களில் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்போது மாடியில் வைத்த துணிப்பைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆடிக்காற்று வெயிலைவிட மோசம். நான்கு பக்கமும் உறிஞ்சும்.

வாங்கும்போது ஒரு சோதனை. பையின் பக்கத்தை வாயோடு ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். காற்று அந்தப் பக்கம் போக வேண்டும். சிலவற்றில் உள்ளே வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அது பேருக்குத்தான் துணி. ஜவுளிக் கடையில் கொடுக்கிற பை மாதிரி மெல்லிசாக இருந்தால் வெயிலில் ஒரு வருஷத்தில் பொடிந்து உதிரும். கைப்பிடித் தையலை இழுத்துப் பாருங்கள். ஈரத்தோடு 20 லிட்டர் பை 15 கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்கும்போது பிய்ந்தால் உங்கள் கால்தான்.

கீரைக்கு ஆழம் வேண்டாம், முக்கால் அடி போதும், அகலம் வேண்டும். தக்காளி, கத்தரிக்கு 20 லிட்டர் பை. கறிவேப்பிலைக்கு 40 லிட்டருக்குக் குறையாமல். வெறும் செம்மண்ணை அடைத்தால் இறுகிவிடும். பை மூச்சு விட்டும் பிரயோசனமில்லை. தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. நார்த்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு சேருங்கள். அதில் உப்பும் துவர்ப்பும் இருக்கும்.

புதுப் பையில் முதல் தண்ணீர் ஊற்றும்போதுதான் பலர் பயந்துவிடுகிறார்கள். “அத்தனையும் பக்கவாட்டில் ஓடிப்போச்சு!” காய்ந்த நார்த்தூளும் காய்ந்த ஃபெல்ட்டும் தண்ணீரை முதலில் ஏற்காது. பையை வாளியில் முக்கி எடுத்துவிட்டு மண்ணை நிரப்புங்கள். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். தண்ணீர் நிற்கும். கொஞ்ச நாளில் பையின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சணம் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உப்புதான். எங்கள் போர் தண்ணீருக்கு மூன்றே வாரத்தில் பூத்துவிடுகிறது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி கரகரவென்று உதிர்ந்தால் உப்பு. பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டால் பூஞ்சணம். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் மாதம் ஒரு முறை தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள்.

பையை நேராகத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடியிலும் காற்றுப் போகும், தளத்திலும் கறை படியாது. கீழே தட்டு வைப்பவர்கள், அதில் வடிந்த தண்ணீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதற்குக் குளம் குட்டை வேண்டியதில்லை, தட்டுத் தண்ணீரே தாராளம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதில் அசட்டை கூடவே கூடாது.

இனி கூடாரத்துக்கு வருகிறேன். இதற்கு எங்கள் எதிர் வீட்டு மருமகளின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாமியார் தறி நெய்கிறவர். புருஷன் கம்பெனி வேலைக்கு ஷிப்டில் போகிறவர். பத்து மாதக் குழந்தையோடு வெளி வேலைக்குப் போக முடியாத இவள், வீட்டிலிருந்தே நாற்றும் கொத்தமல்லியும் புதினாவும் வளர்த்து விற்கலாம் என்று சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு கூடாரம் வாங்கினாள். நாலடிக்கு நாலடி, ஆறரை அடி உயரம். உள்ளே பளபளவென்று வெள்ளித்தாள். மேலே எல்.இ.டி. விளக்கு. பத்துப் பன்னிரண்டு துணிப்பைகள். எங்கே வைத்தாள் தெரியுமா? குழந்தை தூங்குகிற உள்ளறையில். வேறு இடம் இல்லை. விற்றவர்கள் கொடுத்த விசிறியையும் மாட்டினாள். அதன் குழாயை அறைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

புரட்டாசி வரை ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. புதினா இலையில் மாவு தூவின மாதிரி வெள்ளை. நாற்றெல்லாம் கழுத்து அழுகிச் சாய்ந்தது. கூடாரத்துக்குப் பின் சுவரில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாய்ப் பூஞ்சணம். அதோடு குழந்தைக்கு விடாத சளி, ராத்திரியில் இழுப்பு. டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “குழந்தை படுக்கிற ரூம் ஈரமா இருக்கா?”

அன்று சாயங்காலம் மாமியார் என் எதிரிலேயே சொன்னார்: “ஏம்மா, தெருவுல பாவே காயாத மாசம் இது. தறிக்குழியில தண்ணி ஊறுது. நீ ரூமுக்குள்ள வேற மழை பெய்ய வெச்சிருக்கியே!”

கோபத்தில் சொன்னாலும், அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் செடி உடம்பில் தங்குவது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். மீதி இலை வழியாக ஆவியாகிறது. துணிப்பை ஆனால் பையின் பக்கங்களிலிருந்தும் ஆவியாகிறது. பன்னிரண்டு பைக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் ஊற்றினால், அந்த ஐந்து லிட்டரும் அறைக் காற்றில்தான் சேருகிறது. மூச்சு விடுகிற பை என்று சந்தோஷப்படுகிறோமே, அது விடுகிற மூச்சு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஈரம் கட்டின வீடும் பூஞ்சணமும் இருமல், இழுப்பு, ஆஸ்துமா தொல்லைகளோடு சம்பந்தப்பட்டவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. குழந்தையின் சளிக்கு இது ஒன்றுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் கூடாரத்தை அந்த அறையிலிருந்து அன்றைக்கே எடுக்கச் சொன்னார்.

“எல்லாத்தையும் வித்துடட்டுமா அக்கா? சீட்டுப் பணம் இன்னும் எட்டு மாசம் கட்டணும்” என்று கண் கலங்கினாள். பொருளில் கோளாறு இல்லை, வைத்த இடமும் காற்று போகிற வழியும்தான் கோளாறு என்று சொன்னேன். விசிறிதான் ஓடுகிறதே, இன்னும் என்ன காற்று என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் குழந்தைத் துணி காயவைக்காத தாய் உண்டா? கொடியில் போட்டு ஃபேனைச் சுழலவிடுகிறோம். துணியை ஒட்டி நிற்கிற ஈரக்காற்றை ஃபேன் தள்ளிவிடுவதால் சீக்கிரம் காய்கிறது. ஆனால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் போட்டால்? முதல் நாலு துணி காயும். அதற்குப் பிறகு அறையே பிசுபிசுக்கும், மீதித் துணி நாறும். சுழற்றுகிற காற்று வேறு, வெளியேற்றுகிற காற்று வேறு. கூடாரத்துக்கு இரண்டும் வேண்டும்.

பின்கட்டுத் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத மூலைக்குக் கூடாரத்தை மாற்றினோம். சூடான காற்று மேலே ஏறும் அல்லவா? அதனால் வெளியேற்றும் விசிறி உச்சியில். அதன் குழாய் நேராகக் கம்பிஜன்னல் வழியாக வெளியே. குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் விசிறியின் பலம் பாதியாகிவிடும். புதுக்காற்று வர, கீழே எதிர்ப்பக்கத்து மூலையில் இருக்கிற வலைப்பொத்தானைத் திறந்தோம். கீழே நுழைந்து, செடி வழியாக ஏறி, மேலே போக வேண்டும். விசிறி சரியாக ஓடினால் கூடாரத்தின் பக்கங்கள் லேசாக உள்வாங்கும், கன்னம் ஒட்டின மாதிரி. புடைத்து நின்றால் காற்று வெளியே போகவில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு பெரிய விசிறி? நான்கு, நான்கு, ஆறரையைப் பெருக்கினால் 104 கன அடி. நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே இருக்கிற காற்று மாறினால் நல்லது என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் நிமிஷத்துக்கு 104 கன அடி, மணிக்குச் சுமார் 177 கன மீட்டர் தள்ளுகிற விசிறி வேண்டும். டப்பாவிலேயே எழுதியிருக்கும். குழாயில் கொஞ்சம் போய்விடும் என்பதால் அதற்கு ஒரு படி மேலே வாங்குங்கள்.

உள்ளே கிளிப் மாட்டுகிற சின்ன ஃபேன் ஒன்று. அதைச் செடி முகத்தில் அடிக்கிற மாதிரி வைக்காதீர்கள். தலைக்கு மேலே ஓடினால் போதும், இலை லேசாக அசைய வேண்டும். படபடவென்று அடித்தால் இலை ஓரம் கருகும், துணிப்பையும் அந்தப் பக்கம் மட்டும் காய்ந்து வேர் செத்துப்போகும். பைகளை ஒட்டி ஒட்டி நெருக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டு, கம்பித் தட்டு மேல் வைத்தோம். பன்னிரண்டு பை எட்டாகிவிட்டது. அவளுக்கு மனசே இல்லை! ஆனால் பை பக்கத்துப் பையோடு ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் மூச்சு ஏது? தண்ணீர் ஊற்றுவதைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றினாள். விளக்கு எரியும் நேரத்தில் ஈரம் போய்விடும். விளக்கை அணைத்த பிறகு கூடாரம் குளிரும். குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்காது, அது இலை மேல் இறங்கும். அதனால் ராத்திரியிலும் வெளியேற்றும் விசிறியை நிறுத்துவதில்லை. மின்சாரம் போனால் உடனே ஜிப்பைத் திறந்துவிட வேண்டும். ஈரப்பதம் காட்டுகிற சின்ன மானி ஒன்று தொங்குகிறது. 50-க்கும் 70-க்கும் நடுவில் இருந்தால் பேசாமல் இருக்கலாம். அடைமழை நாளில் வெளிக்காற்றே அதற்கு மேல் இருக்கும், அன்றைக்கு அசைவு மட்டும்தான் நம் கையில். தண்ணீரைப் பாதியாக்கிவிட வேண்டியதுதான்.

கரண்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். 100 வாட் விளக்கு தினம் 14 மணி நேரம் எரிந்தால் 1.4 யூனிட், இரண்டு மாதத்தில் 84 யூனிட். 30 வாட் வெளியேற்றும் விசிறி இரவும் பகலும் ஓடினால் 43 யூனிட். 15 வாட் கிளிப் ஃபேன் 22 யூனிட். கூட்டினால் 149. ஏற்கெனவே கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஓடுகிற வீட்டில் இது மேலே ஏறி உட்காரும். யூனிட் ஏற ஏற ரேட்டும் படிப்படியாக ஏறும். அதனால் இப்போது அவள் நாற்றும் இளங்கீரையும் மட்டும் கூடாரத்தில் வளர்க்கிறாள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அத்தனை வெளிச்சம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. அவை வெயிலுக்குப் போய்விட்டன. நாற்றை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக்கு அதிலிருந்தே கட்டுகிறாள். லாபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்று அவளே சொல்கிறாள். குழந்தைக்கு அந்தக் கார்த்திகையில் இழுப்பு குறைந்தது. மருந்தும் கூடவே கொடுத்தார்கள். சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் காயவைத்து, வெள்ளை அடித்தார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், மாடி இருக்கிறவர்களுக்குக் கூடாரம் வேண்டாத செலவு. பனி நாட்டுக்காரர்கள் வெயில் இல்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு அது. நமக்குத்தான் வெயில் கொட்டிக்கிடக்கிறதே! சித்திரை, வைகாசிக்கு மேலே மட்டும் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டுங்கள். தலைக்கு மேல் ஏழடி உயரத்தில், நான்கு பக்கமும் திறந்தபடி. பக்கத்திலும் வலையைத் தொங்கவிட்டு மூடினால் அது இன்னொரு மூச்சு முட்டும் கூடாரமாகிவிடும். ஃபிளாட்டில் இருந்து எழுதிய சகோதரிக்கு: வெளியே குழாய் விட ஒரு ஜன்னலாவது இருந்தால் வாங்குங்கள், படுக்கை அறையில் வேண்டாம். அந்த ஜன்னலும் இல்லையென்றால், வெயில் வருகிற பால்கனிக் கம்பியில் நான்கு துணிப்பையில் கீரை போடுங்கள், போதும்.

தவழுகிற குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கூடாரத்து வயர்கள் எல்லாம் மேலே கட்டியிருக்க வேண்டும். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம் அது. பூச்சிக்குத் தெளிக்கிற வேப்பெண்ணெயை எட்டாத உயரத்தில் வையுங்கள். “வேப்பெண்ணெய்தானே, இயற்கைதானே” என்று இருந்துவிடாதீர்கள். சளிக்குக் கைமருந்தாக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளை, கல்லீரல் பாதிப்பும் வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981-ல் எழுதியிருக்கிறார்கள். குழந்தை தவறி ஒரு வாய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய பையைத் திரும்ப உபயோகிக்கலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தாராளமாக. மண்ணைக் கொட்டி, ஒட்டின வேரைக் காயவிட்டு உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல வெயிலில் உள்புறத்தை வெளியே திருப்பி இரண்டு நாள் போடுங்கள். நாற்று அழுகின பையாக இருந்தால் அந்த மண்ணை மட்டும் மறுபடி நாற்றுக்குப் போடாமல், வாழைக்கோ முருங்கைக்கோ அடியில் கொட்டிவிடுங்கள்.